விமான நிலைய விடுதியில் ஓர் இரவு

தேவனஹள்ளி விமான நிலையத்தை அடுத்துள்ள தங்கும் விடுதிகளைப் பற்றி ஒரு கட்டுரை வரைய வேண்டுமென்று சங்கத்து அன்பர்கள் சிலர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். ரயில்வே குமாஸ்தாவுக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன உறவு என்று நகைப்போரும் இருக்கலாம். தங்க வயலின் இன்றைய நிலையை அறிந்தோர் நகையார். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து நம் வீடுகளில் பிழைப்பு என்பது ஊருக்கு வெளியே போய்த் தேடிவரும் பொருளாகிவிட்டது. விடியுமுன் எழுந்து மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் வண்டியேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பிறகு வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களுடைய பிள்ளைகள் இப்பொழுது வண்டியோடு நிற்கவில்லை. கம்பெனி வேலையாகப் புனே போகிறார்கள், டில்லி போகிறார்கள். ஒப்பந்தத்தின்மீது துபாய், கத்தார், சிங்கப்பூர் போகிறார்கள். ஸ்கெலட்டனில் நாம் குடியிருக்கும் வரிசையிலேயே சென்ற ஓராண்டில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் விமானம் ஏறினர்.

ஏறுவது கடினமன்று. ஏறுவதற்கு முந்திய இரவுதான் கடினம்.

கணக்கைப் பாருங்கள். விமானம் விடியற்காலை ஐந்தரை மணிக்கு. உள்நாட்டுப் பயணமாயின் இரண்டு மணி நேரம் முன்னதாகவும், வெளிநாட்டுப் பயணமாயின் மூன்று மணி நேரம் முன்னதாகவும் நிலையத்தில் இருக்க வேண்டும். தங்க வயலிலிருந்து தேவனஹள்ளி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். வழியில் லாரிகளும் சுங்கச்சாவடியும் உண்டு. இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே நள்ளிரவு ஒரு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். அந்நேரத்தில் ரயில் இல்லை, பஸ்ஸும் இல்லை. வாடகைக் கார் உண்டு. அதை ஓட்ட வருபவர் பகல் முழுவதும் வேறு சவாரிகளை ஓட்டிக் களைத்தவராக இருப்பார். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுநர் கண்ணயர்ந்ததால் நேர்ந்த விபத்துகளைப் பத்திரிகையில் படித்த எந்தத் தாய்தான் தன் மகனை அந்த வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு உறங்குவாள்? விமானத்தைக் கண்டு அவள் அஞ்சவில்லை. அந்த நூறு கிலோமீட்டரைக் கண்டுதான் அஞ்சுகிறாள்.

எனவே முதல் நாள் மாலையே போய், நிலையத்தின் அருகில் இரவைக் கழிப்பது என்ற வழக்கம் பிறந்திருக்கிறது. இது புதிய வழக்கம் போலத் தோன்றினும் தமிழனுக்குப் புதியதன்று. ஊர் விட்டுப் போகிறவர்கள் புறப்படும் துறையில் ஓரிரவோ பல இரவுகளோ காத்துக் கிடப்பது நம் மக்களின் வரலாற்றிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டனர். தொற்று நோய் பரவக்கூடாதென்ற காரணத்தால் சில நாட்கள் அங்கே அடைத்து வைத்து, மருத்துவர் பார்த்த பிறகே கப்பலுக்கு விட்டனர். மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனோருக்கு ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் குடிபெயர்வோர் கிடங்குகள் இருந்தன. கிடங்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். மூட்டை வைக்கும் இடத்துக்கும் மனிதன் காத்திருக்கும் இடத்துக்கும் ஒரே பெயர். கடலுக்கு அப்பாலும் காத்திருப்பு முடியவில்லை. பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரஜாக் தீவில் மீண்டும் சில நாட்கள் தனியே வைத்துப் பார்த்தனர். 1938இல் இந்திய அரசாங்கம் மலேயாவுக்குக் கூலிகளை உதவிப் பணம் கொடுத்து அனுப்பும் முறையை நிறுத்தியது. மண்டபம் முகாமோ பிற்காலத்தில், இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தோர் தங்கும் அகதி முகாமாயிற்று. போவதற்காகக் காத்திருந்த கூடாரங்களின் இடத்திலேயே திரும்பி வந்தோரும் காத்திருந்தனர்.

கைக்காசு போட்டுக் கப்பலேறியோர் கதை சற்று வேறு. 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ‘ரஜூலா’ கப்பலை நம் பெரியோர் பலர் அறிவர். அதற்காகச் சென்னையில் வந்து இறங்கியோர் உறவினர் வீட்டுத் திண்ணையிலோ சத்திரத்திலோ படுத்தனர். சென்னை சென்டிரல் நிலையத்துக்கு எதிரே ராஜா சர் சவளை ராமசாமி முதலியார் கட்டிய சத்திரம் இன்றும் நிற்கிறது. பெங்களூர் ரயில் நிலையத்தின் அருகே குப்பி தோடதப்பா என்ற வணிகப் பெருமகனார் நிறுவிய சத்திரமும் நூறாண்டைக் கடந்தது. இரண்டுமே ரயில் வந்ததால் பிறந்தவை. வண்டிக்குக் காத்திருப்பவன் நடைபாதையில் படுக்கிறானே என்று ஒரு செல்வருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை, சத்திரம் எழுந்தது. விமான நிலையத்தின் எதிரில் சத்திரம் கட்டிய செல்வர் எவரையும் நாம் கேள்விப்படவில்லை. அங்கு வருவோர் எல்லாம் பொருள் உள்ளவர்கள் என்பது பொதுமக்களின் எண்ணம். அந்த எண்ணம் பொய்யாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதை வளைகுடா விமானம் புறப்படும் நள்ளிரவில் ஒரு முறை போய்ப் பார்த்தோர் அறிவர்.

விமானப் பயணத்தின் ஆரம்ப காலத்தில் இரவுத் தங்கல் பயணத்தின் உள்ளேயே அடங்கியிருந்தது. 1929இல் லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்தார் விமானம் விட்டபொழுது பயணம் ஏறக்குறைய ஒரு வாரம் பிடித்தது. பகலில் பறப்பதும் இரவில் இறங்கி உறங்குவதுமே முறை. அதற்காக 1932இல் சார்ஜாவில், மணல்வெளி நடுவே, பயணிகள் தங்குவதற்கென்று கோட்டை போன்ற ஒரு மாளிகையை எழுப்பினர். கொள்ளையர் பயத்தால் மதிலும் காவலும் வைத்தனர். இன்று அது ‘அல் மஹத்தா’ என்னும் அருங்காட்சியகம். அன்றைய ஓடுபாதை நகரத்தின் பரபரப்பான வீதியாகிவிட்டது. சார்ஜாவில் உழைக்கும் நம் பிள்ளைகள் விடுமுறை நாளில் அதைச் சென்று காணலாம். வளைகுடாவின் முதல் விமானப் பயணிகள் படுத்த கட்டில்களை அங்கே பார்க்கலாம் என்கிறார்கள்.

அமெரிக்காவில், மோட்டார்க் கார் மன்னர் ஹென்றி போர்டு 1931இல் டியர்பார்ன் நகரில் தம் சொந்த விமான நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதியைக் கட்டினார். உலகின் முதல் விமான நிலைய விடுதிகளுள் ஒன்றாக அதைக் குறிப்பிடுவர். நிலையம் மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆயின. விடுதி மட்டும் நிற்கிறது. நம் நாட்டில் ஏர் இந்தியா 1971இல் விடுதிகளுக்கென்றே ஒரு துணை நிறுவனம் தொடங்கிப் பம்பாயிலும் டில்லியிலும் விமான நிலையத்தருகே ‘சென்டார்’ விடுதிகளை நடத்தியது. அவையும் பழங்கதையாயின.

இனிப் பெங்களூருக்கு வருவோம். 2008ஆம் ஆண்டு மே மாதம் வரை விமானம் ஏற வேண்டுமாயின் நகருக்குள்ளேயே இருந்த எச்.ஏ.எல். நிலையத்துக்குப் போனால் போதும். கண்டோன்மென்டில் வண்டியை விட்டிறங்கி ஆட்டோவில் போய்விடலாம். அவ்வாண்டு தேவனஹள்ளியில் நாலாயிரம் ஏக்கர் பரப்பில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. 2013இல் அதற்குக் கெம்பேகௌடாவின் பெயர் சூட்டப்பெற்றது. 2019இல் இரண்டாவது ஓடுபாதையும், 2022 நவம்பரில் இரண்டாவது முனையமும் சேர்ந்தன. 2024–25 நிதியாண்டில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் அந்நிலையத்தைப் பயன்படுத்தியுள்ளனர். திப்பு சுல்தான் பிறந்த ஊர் என்றும், பம்ப்ளிமாஸ் பழம் விளையும் ஊர் என்றும் நாம் பள்ளியில் படித்த தேவனஹள்ளி, இன்று வாடகை அறைகளின் ஊராகிவிட்டது. நெடுஞ்சாலையின் இருபுறமும் ‘ஏர்போர்ட்’ என்ற சொல்லைப் பெயரில் தாங்காத விடுதி அரிது. அவற்றுள் சில நிலையத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருப்பதை அறையில் நுழைந்த பிறகே நாம் அறிவோம்.

சென்ற தை மாதத்தில் அத்தகைய விடுதி ஒன்றில் இரவு தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நம் தமக்கையின் மகன் பெங்களூரில் இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பணியாற்றுகிறான். புனேயில் ஓர் ஆலையில் இயந்திரம் பொருத்தும் வேலைக்காக அவனை முதன்முறையாக விமானத்தில் அனுப்பினர். அவன் ஊரிலிருந்து வருகிறவன் என்பதை அறிந்து, விடுதியில் இரட்டைக் கட்டில் அறை ஒன்றையும் கம்பெனியே ஏற்பாடு செய்துவிட்டது. “தம்பி, நீயும் அவனோடு போய் ராத்திரி இருந்துவிட்டு வா” என்று தமக்கை சொன்னார். அவருடைய கணவர், நம் மாமா, சாம்பியன் ரீப் சுரங்கத்தில் இருபத்தொன்பது வயது வரை உழைத்து, மூடுவிழாப் பணம் வாங்கிக்கொண்டு வெளிவந்து, அன்று முதல் பெங்களூரில் ஒரு கட்டிடத்துக்கு இரவுக் காவலராக இருக்கிறார். மகனை வழியனுப்ப அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஆகவே நாம் போனோம்.

வரவேற்பு மேடையில் இருவருடைய ஆதார் அட்டைகளையும் வாங்கிப் பதிந்துகொண்டனர். சாவியென்று ஓர் அட்டையைக் கொடுத்தனர். அதைக் கதவில் காட்டினால் திறக்கும். உள்ளே சுவரில் உள்ள பொந்தில் செருகினால்தான் விளக்கு எரியும். வெளியே போகையில் எடுத்துக்கொண்டால் எல்லா விளக்கும் அணைந்துவிடும். மின்சாரச் சிக்கனத்துக்கு இதைவிட நல்ல உபாயம் இல்லை. நம் அலுவலகத்திலும் இதை வைக்கலாம் என்று தோன்றியது. ஜன்னலில் கண்ணாடி இரண்டு அடுக்காக இருந்தது. சில நிமிஷங்களுக்கு ஒரு விமானம் எழும்புவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்கவில்லை. திரைச்சீலையோ கம்பளம் போன்ற கனம். இழுத்து மூடினால் நண்பகலும் அமாவாசையாகிவிடும்.

இந்தத் திரைச்சீலையின் முன் நாம் சற்று நேரம் நின்றோம். நம் தந்தையார் இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வீடு திரும்பும் நாட்களில், எட்டடிக்குப் பத்தடி அறையின் ஒரே ஜன்னலில் கறுப்புக் கம்பளியைக் கட்டுவார். பிள்ளைகள் நாங்கள் வெளியே ஓசையின்றி விளையாட வேண்டும். வரிசை வீடுகளில் ஒரு வீட்டில் ஓசை அடங்கினாலும் அடுத்த வீட்டில் அடங்காது. அந்த ஓசைக்கும் வெளிச்சத்துக்கும் இடையே உறங்கி எழுந்துதான் மறுபடியும் அவர் கூண்டிலேறிப் பாறைக்குள் இறங்கினார். ஆழத்தில் பாறையின் வெப்பம் அறுபது பாகை செல்சியசுக்கு மேல். குளிர்ந்த காற்றை மேலிருந்து அனுப்புவதற்கென்றே ஓர் ஆலை வைத்திருந்தார்கள். குளிர்சாதனம் என்பதை எங்கள் வீடுகளில் முதலில் அறிந்தவர்கள் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களே. பகலில் உறங்க வேண்டியவனுக்கு இருட்டும் அமைதியும் வேண்டும் என்னும் உண்மையை விமானக் கம்பெனிகள் நன்கு உணர்ந்திருக்கின்றன. விமானிகளும் பணிப்பெண்களும்தான் இத்தகைய விடுதிகளின் நிலையான வாடிக்கையாளர்கள். ஆண்டு முழுவதற்கும் அறைகளை ஒப்பந்தமாக எடுத்துவிடுகிறார்கள். ஓய்வின்றி விமானம் ஓட்டக்கூடாதென்று சட்டமே உண்டு. 2025இல் விமானிகளுக்கு வாரத்துக்குத் தொடர்ந்து 48 மணி நேர ஓய்வு என்று அது உயர்த்தப்பட்டது. புதிய விதிகளுக்கேற்ப ஆட்களை ஆயத்தம் செய்யாததால் அவ்வாண்டு டிசம்பர் முதல் வாரத்தில் இன்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, பெங்களூர் உட்படப் பல நிலையங்களில் பயணிகள் தரையில் படுத்ததை அனைவரும் அறிவோம்.

அறையின் வாடகைப் பட்டியல் கதவின் பின்புறம் ஒட்டியிருந்தது. ஏழாயிரத்துச் சொச்சம். பையன் அதைப் பார்த்துவிட்டு, “மாமா, அப்பாவுக்குப் பாதி மாதச் சம்பளம்” என்றான். நாம் பதில் சொல்லவில்லை. தமக்கை கட்டிக்கொடுத்திருந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். விடுதிச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு தட்டு இட்டிலியின் விலையை முன்னதாகவே பார்த்திருந்தோம்; அதைப்பற்றி எழுதிப் படிப்போர் மனத்தை வருத்த விரும்பவில்லை.

தண்ணீர் கொண்டுவந்த பணியாளர் இளைஞர். இருபத்தைந்து வயது இருக்கலாம். ஆங்கிலத்தில் பேசியவர், புளிச்சோற்றைக் கண்டதும் நின்றார்.

“சார், தமிழா? எந்த ஊர்?”

“தங்க வயல்.”

“நான் ஆண்டர்சன்பேட்டை, சார்.”

பையன் சட்டென்று எழுந்துவிட்டான். “அண்ணா, என்னைச் சார் என்று சொல்லாதீர்கள்” என்றான். அவர் சிரித்தார். “டூட்டியில் எல்லாரும் சார்தான், தம்பி” என்றார். சோறு உண்ண அழைத்தோம். பணி நேரத்தில் அறையில் அமர்வது கூடாதென்று மறுத்து, வாயிற்படியில் நின்றபடியே பேசினார். இரவு பதினோரு மணி முதல் காலை ஏழு வரை அவர் பணி. தேவனஹள்ளிக்குள் ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கிறார்கள். மூவருக்கு இரவு ஷிப்டு, மூவருக்குப் பகல். ஆகவே மூன்று பாய்களே போதுமானதாக இருக்கிறதாம். “பகலில் உறக்கம் வருகிறதா?” என்று கேட்டோம். “ஜன்னலில் போர்வை கட்டிவிடுவோம், சார்” என்றார்.

அவருடைய தந்தையும் சுரங்கத்தவரே. தங்க வயலில் அப்படி இல்லாத வீடு ஏது?

போகும்பொழுது பையனைப் பார்த்து, “தம்பி, காலையில் மூன்று மணிக்குப் போவீர்கள். சமையலறையில் சொல்லி வைத்தால் சிற்றுண்டியைப் பெட்டியில் கட்டித் தருவார்கள். வாடகையில் அது சேர்ந்ததுதான். கேட்காமல் போகிறவர்களே அதிகம்” என்று சொல்லிச் சென்றார். மூன்று மணிக்கு அவரே அந்தப் பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பையன் கொடுக்க முயன்ற ஐம்பது ரூபாயை வாங்கவில்லை. “திரும்பி வரும்போது பேசு” என்று தொலைபேசி எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

அந்த ஒரு வார்த்தை பலருக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறோம். விடுதி என்பது நாம் கொடுக்கும் பணத்துக்குள் பல வசதிகளை அடக்கி வைத்திருக்கிறது, கேட்டவனுக்குத்தான் கிடைக்கும். நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும் வண்டி இலவசமா, எத்தனை மணிக்கு ஒருமுறை புறப்படும் என்பதை அறை எடுக்கும்பொழுதே கேட்க வேண்டும். நள்ளிரவில் அந்த வண்டி ஓடுமா என்றும் கேட்க வேண்டும். சில இடங்களில் ஓடாது. விடுதி நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்க. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பொதுவாகப் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் அறை தருவார்கள். வெளிநாட்டிலிருந்து விடியலில் வந்திறங்குவோர் அறை எடுத்தால் முந்திய நாள் வாடகையும் சேர்த்துக் கேட்கலாம். அத்தகையோர் பகலில் சில மணி நேரத்துக்கு மட்டும் அறை தருவார்களா என்று விசாரிப்பது நலம். பல விடுதிகளில் பாதி வாடகைக்கும் குறைவாகக் கிடைக்கும். அறைக்குள் சிறு குளிர்ப்பெட்டியில் இருக்கும் பானங்களுக்கும் தின்பண்டங்களுக்கும் தனிக் கணக்கு. மேசைமீது வைத்திருக்கும் தண்ணீர்ப் புட்டிகள் பெரும்பாலும் இலவசம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. வரி ஐந்து சதவீதம், அதற்குமேல் பதினெட்டு. பழைய விகிதத்தில் யாரேனும் பில் எழுதினால் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இதனினும் பெரிய உரிமை ஒன்றுண்டு. அதை நம் மக்களிடம் எவரும் சொல்வதில்லை. விமானம் தாமதமாகும்பொழுது விடுதி கொடுக்க வேண்டியது விமானக் கம்பெனியின் கடமை. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வெளியிட்டுள்ள விதிகளின்படி, விமானம் 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும், இரவு எட்டு மணிக்கும் விடியல் மூன்று மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும், பயணிக்கு விடுதி அறையும் போய்வர வண்டியும் செலவின்றித் தர வேண்டும். வளைகுடாவுக்குப் போகும் விமானங்களில் பல அந்த நள்ளிரவு நேரத்திலேயே புறப்படுகின்றன என்பதை நினைவிற்கொள்க. இந்த விதி தெரிந்தவர் மேடையில் நின்று கேட்கிறார், அறை பெறுகிறார். தெரியாதவர் பெட்டியைத் தலைக்கு வைத்துத் தரையில் படுக்கிறார். சென்ற ஆண்டு நம் வரிசையில் ஒரு பையனுக்கு நேர்ந்தது இதுவே. எந்தக் கம்பெனி, எந்த நிலையம் என்பது இங்கு வேண்டாம். அவனோடு அதே விமானத்துக்குக் காத்திருந்த வேறு சிலரை வண்டி வைத்து விடுதிக்கு அழைத்துப் போனார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் சண்டையிட்டவர்கள். இவனோ எங்கே கேட்டால் பயணமே நின்றுவிடுமோ என்று அஞ்சி, பதினோரு மணி நேரம் பேசாமல் இருந்திருக்கிறான். அவன் கடன் வாங்கிப் போகிறவன், அஞ்சினான். அந்த அச்சத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆயினும் கேட்பதனால் பயணச்சீட்டு ரத்தாகாது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வைக்க வேண்டும். கன்னடத்தில் கேட்டாலும் கேட்டதுதான், தமிழில் கேட்டாலும் கேட்டதுதான். தொலைபேசியில் சீட்டின் படமும் தாமத அறிவிப்பின் படமும் இருந்தால் போதும்.

கையில் பணம் குறைவாக உள்ளோருக்கு நம் ரயில்வேயின் ஓய்வறைகளை நினைவூட்டுவது நம் கடமை. பெங்களூர் நகர நிலையத்தில் உறுதி செய்யப்பட்ட ரயில் டிக்கெட்டின் எண்ணைக் கொண்டு ஓய்வறையோ கூடத்தில் ஒரு படுக்கையோ முன்பதிவு செய்துகொள்ளலாம். விடுதி வாடகையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. இரட்டைக் கண்ணாடி ஜன்னல் அங்கே இராது; எஞ்சின் ஊதும். தங்க வயல்காரனுக்குச் சங்கு ஊதினால் உறக்கம் கெடாது, ஊதாவிட்டால்தான் கெடும். மெஜஸ்டிக்கிலிருந்து ‘வாயு வஜ்ரா’ பஸ்கள் இரவிலும் விமான நிலையத்துக்கு ஓடுகின்றன. மாலை வண்டியில் வந்து, ஓய்வறையில் ஐந்து மணி நேரம் கண்ணயர்ந்து, பஸ்ஸேறிப் போய்விடலாம். பெண் பிள்ளைகள் தனியே போவதாயின் விடுதியே நலம் என்பது நம் கருத்து.

இவையெல்லாம் சுற்றுவழி. நேர்வழி ஒன்று இருப்புப்பாதையாகவே கிடக்கிறது. பௌரிங்பேட்டை என்று அன்று பெயர் பெற்றிருந்த பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு 1894இல் பத்து மைல் பாதை போட்டது தங்கத்துக்காக. பின்னர் 1910களில் பங்காரப்பேட்டையிலிருந்து கோலார், சிந்தாமணி, சிக்கபள்ளாப்பூர், தேவனஹள்ளி வழியாக எலஹங்காவுக்கு இரண்டரை அடி அகலமுள்ள சிறு பாதை அமைந்தது. சிறு வண்டி மெல்ல ஊர்ந்து போகும். இறங்கிப் புளியம்பழம் பொறுக்கிக்கொண்டு மறுபடியும் ஏறலாம் என்று முதியோர் வேடிக்கையாகச் சொல்வர். அப்பாதை படிப்படியாக அகலமாக்கப்பட்டு, 2013இல் கோலாருக்கும் சிக்கபள்ளாப்பூருக்கும் இடைப்பட்ட பகுதியும் அகலப் பாதையாயிற்று. 2021 ஜனவரியில் அதே பாதையின்மேல், தேவனஹள்ளியை அடுத்து, ‘கெம்பேகௌடா சர்வதேச விமான நிலைய ஹால்ட்’ என்னும் நிறுத்தம் திறக்கப்பட்டது. விமான நிலையத்தாரே அதைக் கட்டிக் கொடுத்தனர். அங்கிருந்து முனையம் சில கிலோமீட்டர்தான்.

ஆக, மாரிக்குப்பத்தில் நம் வாசலிலிருந்து விமான நிலையத்தின் வாசல் வரை தண்டவாளம் இடையறாமல் போகிறது. அதன்மேல் ஒரு மாலை வண்டி, பெங்களூருக்குள் நுழையாமல், கோலார் வழியாக ஓடினால் நடு இரவில் வாடகைக் கார் வேண்டியதில்லை. பயணிகள் மட்டுமல்லர், ஆண்டர்சன்பேட்டை இளைஞரைப்போல் அங்கே இரவுப் பணி செய்யும் பிள்ளைகளும் வாரம் ஒருமுறையேனும் வீட்டுக்கு வந்து உறங்கலாம். பயணிகள் தொகை போதாது என்று ஆட்சேபம் எழும். தொகையைக் காட்ட வேண்டியது நாம். ரயில்வே ஊழியராகிய நாம் இதை அலுவலக வாயிலாக எழுதுவது முறையன்று, ஊரார் எழுதலாம்.

அதற்காகச் சங்கத்தின் வாசகசாலையில் ஒரு பதிவேடு வைக்கப்பட்டுள்ளது. உங்கள் வீட்டிலிருந்து கடந்த ஈராண்டில் விமானம் ஏறியவர் எத்தனை பேர், எந்த நேர விமானம், நிலையத்துக்கு எப்படிப் போனார்கள், என்ன செலவு, விமான நிலையத்திலோ விடுதிகளிலோ பணி செய்வோர் உண்டா என்னும் விவரங்களை அதில் எழுத வேண்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை நாமும் அங்கே இருப்போம். எழுதத் தெரியாத தாய்மார்கள் சொன்னால் நாம் எழுதிக்கொள்வோம்.